மூட வேண்டிய வெட்டும் மூடக் கூடாத துளையும்

கண்புரை அறுவையில் போடும் வெட்டு சீக்கிரம் ஒட்டிக்கொள்ள வேண்டும். கண்நீர் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்கு அறுவை செய்து போடும் துளையோ ஆயுள் முழுக்க ஒட்டவே கூடாது. இரண்டு நோயும் ஒரே கண்ணில் இருப்பவருக்கு இவ்விரண்டு அறுவைகளையும் ஒரே அமர்வில் செய்வது கூட்டு அறுவை எனப்படுகிறது. சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு காயம் ஆற வேண்டும், பக்கத்துக் காயம் ஆறக் கூடாது. ஆற்றும் உடலுக்கோ இரண்டும் காயம்தான். கூட்டு அறுவையில் இன்று வழக்கிலுள்ள முறைகள் பலவும் இந்தச் சிக்கலுக்குத் தேடிய வெவ்வேறு விடைகள்.

இரு நோயும் ஒரு கண்ணில் சேர்வது அபூர்வம் அல்ல. இரண்டுமே வயதோடு கூடுபவை. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்கள் மூன்றில், 40 வயதைக் கடந்த கிராமத்தவர் 5,150 பேரைப் பரிசோதித்து அரவிந்த் கண் மருத்துவமனை 2003இல் வெளியிட்ட ஆய்வில், 2.6 விழுக்காட்டினருக்குக் கிளாக்கோமா இருந்தது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் தமக்கு அந்த நோய் இருப்பதை அதுவரை அறியாதவர்கள். புரைக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போன இடத்தில்தான் ‘கண்ணில் பிரஷரும் இருக்கிறது’ என்ற செய்தி பலருக்கும் கிடைக்கிறது.

புரையில் கெடுவது கண்ணுக்குள் இருக்கும் வில்லை. அரிக்கேன் விளக்கின் சிம்னியில் கரி படிந்தது போல அது மங்கிப்போகிறது. மங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பிவிடும். கிளாக்கோமாவில் கெடுவது பார்வை நரம்பு. அதில் இறந்த இழை இறந்ததுதான். எஞ்சியிருப்பதைக் காப்பது மட்டுமே சிகிச்சையின் வேலை. கூட்டு அறுவைக்குப் பிறகு ‘முழுசாகத் தெரியவில்லையே’ என்று நோயாளி மனம் உடைவதற்குப் பெரும்பாலும் இந்த வேறுபாட்டை யாரும் முன்கூட்டிச் சொல்லாததே காரணம்.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று எந்நேரமும் ஊறிக்கொண்டிருக்கிறது. அழும்போது வழியும் கண்ணீர் வேறு, இது வேறு. இது கண்ணுக்கு உள்ளேயே ஊறி உள்ளேயே வடிவது. குழப்பத்தைத் தவிர்க்க இதை விழிநீர்மம் எனலாம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோலிட்டர் ஊறுகிறது. மருந்துக் குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டின் அளவு சேரவே கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு நாள் முழுக்க ஊறினாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது. ஐரிஸுக்குப் பின்னால் சுரக்கும் இந்த நீர்மம் கண்பாவை வழியாக முன்னறைக்கு வருகிறது. ஐரிஸும் கருவிழியும் சந்திக்கும் கோணத்தில் ஒரு சல்லடைத் திசு இருக்கிறது. அதில் வடிந்து, அதற்கு அப்பால் வளையமாகச் சுற்றும் ஷ்லெம் கால்வாயில் சேர்ந்து, அங்கிருந்து நுண்ணிய சிரைகளுக்குப் போய்விடுகிறது. ஊறுவதும் வடிவதும் சமமாக இருந்தால் கண்ணின் உள்ளழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை நிற்கும். ஏரிக்கு வரத்து குறையாமல் இருக்க மதகு மட்டும் தூர்ந்துபோனால் நீர்மட்டம் ஏறுவது போல, வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறுகிறது. சல்லடையே அடைபடுவது திறந்த கோண வகை. ஐரிஸ் முன்னால் தள்ளப்பட்டுச் சல்லடையின் வாயையே மறைத்துவிடுவது மூடிய கோண வகை. அழுத்தம் இயல்பான அளவில் இருந்தும் நரம்பு கெடும் கண்களும் உண்டு. அவற்றிலும் சிகிச்சை அழுத்தத்தை இன்னும் இறக்குவதுதான்.

புரை அறுவை மட்டும் செய்தாலே அழுத்தம் ஓரளவு இறங்குகிறது. வில்லை ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் உறுப்பு; முதுமையில் 4.5 முதல் 5 மில்லிமீட்டர் வரை தடித்துவிடுகிறது. அதன் இடத்தில் வைக்கும் செயற்கை லென்ஸின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். கதவுக்குப் பின்னால் நின்ற பீரோவை எடுத்ததும் கதவு முழுதாகத் திறப்பது போல, வில்லை போனதும் ஐரிஸ் பின்வாங்கிக் கோணம் அகலமாகிறது. அழுத்தம் கூடுதலாக இருந்தும் நரம்பு இன்னும் கெடாதவர்களை அமெரிக்காவில் பல ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வில், மருந்து ஏதும் போடாத பிரிவில் புரை அறுவை செய்துகொண்டவர்களின் சராசரி அழுத்தம் 23.9இலிருந்து 19.8க்கு இறங்கியிருந்தது. மூடிய கோண வகையில் இன்னும் துணிச்சலான ஒரு சோதனை நடந்தது. ‘ஈகிள்’ எனப்படும் அந்த ஆய்வில் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 419 பேர் பங்கேற்றனர். பாதிப் பேருக்கு வழக்கமான லேசர் சிகிச்சை. மறுபாதிக்குப் புரையே இல்லாத தெளிந்த வில்லையை எடுக்கும் அறுவை. 2016இல் வெளிவந்த முடிவில், வில்லையை எடுத்தவர்களின் நிலைதான் மேலாக இருந்தது.

ஆகவே கூட்டு அறுவையை ஒன்றும் செய்யாத கண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. புரை அறுவை மட்டும் செய்த கண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாமல், அழுத்தம் இறங்கிய கணக்கு முழுவதையும் தம் கருவிக்கோ தம் கைக்கோ வரவு வைத்துக்கொண்ட பழைய அறிக்கைகள் ஏராளம்.

கிளாக்கோமாவுக்கான அறுவைகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அளவுகோலாக நிற்பது டிராபெகுலெக்டமி. தமிழில் வடிதுளை அறுவை என்று சொல்லலாம். மேல் இமைக்கு அடியில் மறையும் இடத்தில் இது நடக்கிறது. வெள்ளைவிழியைப் போர்த்தியுள்ள மெல்லிய மேற்சவ்வை முதலில் விலக்குகிறார்கள். பிறகு வெள்ளைவிழியில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு, பாதித் தடிமனில் ஒரு மூடியைக் கீறித் தூக்குகிறார்கள். தபால் உறையின் மடிப்பைப் போல அது ஒரு பக்கம் ஒட்டியே இருக்கும். மூடிக்கு அடியில் முன்னறைக்குள் திறக்கும் ஒரு சிறு ஜன்னல் வெட்டப்படுகிறது. ஐரிஸ் வந்து அந்த ஜன்னலை அடைத்துக்கொள்ளாமல் இருக்க, அதன் ஓரத்திலும் துளியூண்டு எடுத்துவிடுகிறார்கள். பிறகு மூடியைப் பழைய இடத்திலேயே வைத்து, தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு பருமனுள்ள நைலான் இழையால் தைக்கிறார்கள். தையல் இறுகினால் நீர்மம் வடியாது. தளர்ந்தால் ஒரே நாளில் கண் குழைந்துவிடும். அதனால் பல மருத்துவர்கள் வேண்டுமென்றே சற்று இறுக்கித் தைத்துவிட்டு, அடுத்த சில வாரங்களில் லேசரால் ஒவ்வொரு தையலாக அறுத்து மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார்கள். மூடியின் ஓரங்களில் கசியும் நீர்மம் மேற்சவ்வுக்கு அடியில் தேங்கி, தாழ்ந்த ஒரு கொப்புளமாக எழும்பி, அங்கிருந்து மெல்ல உறிஞ்சப்படுகிறது.

இந்த அறுவையை 1968இல் விவரித்த கேம்பிரிட்ஜ் மருத்துவர் ஜான் கெய்ர்ன்ஸ் எண்ணியது வேறு. சல்லடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் ஷ்லெம் கால்வாயின் வெட்டுண்ட வாய்களுக்குள் நீர்மம் நேராகப் புகும் என்பதே அவர் கணக்கு. நடந்தது அதுவல்ல, நீர்மம் மூடியின் ஓரமாகக் கசிந்து கொப்புளத்தில் வடிந்தது. எண்ணம் பிழைத்தாலும் அறுவை நிலைத்தது. சல்லடையை வெட்டுதல் என்று பொருள்படும் அந்தப் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

காது குத்திய துளையில் வேப்பங்குச்சியோ துடைப்ப ஈர்க்கோ செருகாவிட்டால் சில நாளில் தூர்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வடிதுளைக்கும் அதே கதிதான்: தழும்புத் திசு வளர்ந்து கொப்புளத்தை அமுக்கிவிடும். இதைத் தடுக்க வந்தது மைட்டோமைசின். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து பெறப்பட்ட புற்றுநோய் மருந்து இது. தழும்பை உண்டாக்கும் உயிரணுக்கள் பெருகாமல் இது தடுத்துவிடும். மருந்தில் நனைத்த சிறு பஞ்சை மேற்சவ்வுக்கு அடியில் ஓரிரு நிமிடம் வைத்துவிட்டு, உப்புநீரால் நன்றாக அலசி எடுக்கிறார்கள். தைவானைச் சேர்ந்த சென் 1980களின் தொடக்கத்தில் இதைக் கண்ணில் பயன்படுத்தியதை எழுதினார். கூட்டு அறுவையில் இதன் தேவை இன்னும் கூடுதல். வில்லையை உடைத்து எடுக்கும்போது கண்ணுக்குள் அழற்சி உண்டாகிறது. அழற்சி தழும்பைத் தூண்டுகிறது. தனியாகச் செய்த வடிதுளையை விடப் புரை அறுவையோடு சேர்த்துச் செய்த வடிதுளை சற்றுக் குறைவாகவே அழுத்தத்தை இறக்குகிறது என்ற பழைய அனுபவத்துக்கு இதுவே விளக்கம். 2002இல் வந்த ஒரு பெரிய திறனாய்வு, கூட்டு அறுவையில் மைட்டோமைசின் சேர்த்தால் 2 முதல் 4 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்குவதைக் காட்டியது. அதே வேலைக்கு முன்பு பயன்பட்ட ஃபுளூரோயூராசிலுக்கு அந்தப் பலன் தென்படவில்லை.

கூட்டு அறுவையில் நெடுநாள் நடந்த விவாதம் ஒரே வாசலா, இரு வாசலா என்பது. புரையை எடுக்க இன்று பரவலாக உள்ள முறை ஃபேக்கோ. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் பல் மருத்துவரின் அதிர்வுக் கருவியைப் பார்த்து 1960களில் உருவாக்கிய முறை இது. இரண்டரை மில்லிமீட்டர் அளவிலான வெட்டுக்குள் ஊசி நுழைந்து, வில்லையை மீயொலி அதிர்வால் நொறுக்கி உறிஞ்சிவிடும். ஒரு வாசல் முறையில், வடிதுளைக்காக மேலே தூக்கிய அதே மூடிக்கு அடியிலேயே ஃபேக்கோ ஊசியும் போகிறது. மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டையும் முடித்துவிடலாம். இரு வாசல் முறையில் காதுப் பக்கமாக உட்கார்ந்து, பக்கவாட்டிலிருந்து கருவிழி வழியாகப் புரையை எடுத்துவிட்டு, பிறகு தலைமாட்டுக்கு நகர்ந்து, நுண்ணோக்கியையும் நகர்த்தி, வடிதுளையைத் தனியாகப் போட வேண்டும்.

கொள்கையளவில் இரு வாசலே சிறந்ததாகத் தோன்றும். ஆற வேண்டிய காயமும் ஆறக் கூடாத காயமும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. அதிர்வூசி உரசாத மூடி புத்தம் புதிதாக இருக்கிறது. கண் குழிந்து, புருவ எலும்பு துருத்தியவர்களுக்கு மேலிருந்து ஊசியைச் செலுத்துவதே சிரமம் என்பதும் இரு வாசலுக்குச் சாதகம். முதலில் வந்த ஆய்வுகள் சில, இரு வாசலில் அழுத்தம் ஓரிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்குவதாகக் காட்டின. பிறகு குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து இரண்டாண்டுகள் கவனித்த ஆய்விலும், பல ஆய்வுகளைத் திரட்டிய தொகுப்பிலும் அந்த வேறுபாடு கரைந்துவிட்டது. மிஞ்சியது, இரு வாசலுக்கு நேரம் கூடுதல் என்ற ஒன்றுதான். ஆகவே எந்த வாசல் என்பது பெரிதும் மருத்துவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. இதில் உயர்வு தாழ்வு பேசும் விளம்பரங்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இந்தியாவில் இன்னொரு ஒப்பீடும் உண்டு. முற்றிப் பழுப்பேறி, கல்லைப் போல இறுகிய புரைகள் இங்கே இன்னும் வருகின்றன. அவற்றை அதிர்வால் நொறுக்க நெடுநேரம் பிடிக்கும். கருவிழியின் உள்ளுறை உயிரணுக்கள் அந்த அதிர்வில் சேதமாகும். அங்கே கைகொடுப்பது, வெள்ளைவிழியில் 6 அல்லது 7 மில்லிமீட்டரில் சுரங்கம் போலக் கீறி, வில்லையை முழுதாகவே வெளியே எடுக்கும் தையலில்லாச் சிறுவெட்டு முறை. விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. இதே சுரங்கத்தின் கூரையை வடிதுளையின் மூடியாக மாற்றிக்கொள்ளலாம் என்பதால் கூட்டு அறுவைக்கும் இது இசைவானது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. புரை மட்டும் எடுக்கும்போது இந்தச் சுரங்கத்தை மேல்பக்கம் போட்டால் அங்குள்ள மேற்சவ்வு தழும்பாகிவிடும். பிற்பாடு வடிதுளை தேவைப்பட்டால் நல்ல இடம் கிடைக்காது. கிளாக்கோமா உள்ளவருக்கு அதனால்தான் சுரங்கத்தைப் பக்கவாட்டுக்கு மாற்றுகிறார்கள்.

இரண்டையும் தனித்தனியாகச் செய்தால் என்ன? வடிதுளையை முதலில் போட்டால் புரை முந்திக்கொண்டு முற்றுகிறது. கிளாக்கோமா முற்றியவர்களைக் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு, வடிதுளை போட்டால் புரை வரும் வாய்ப்பு 78 விழுக்காடு கூடுவதாகக் கணக்கிட்டது. பிறகு அந்தப் புரையை எடுக்கும்போது எழும் அழற்சி, நன்றாக வேலைசெய்துகொண்டிருந்த கொப்புளத்தைச் சுருக்கிவிடலாம். புரையை மட்டும் முதலில் எடுத்தாலோ, அறுவை முடிந்த முதல் நாளில் அழுத்தம் திடீரென எகிறும் அபாயம் உண்டு. நல்ல நரம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். ஓரிரு இழைகளோடு தொங்கும் நரம்பு தாங்காது.

2012க்குப் பிறகு மூன்றாவது அணி ஒன்று சேர்ந்தது: ஷ்லெம் கால்வாயின் வாயிலேயே வைக்கும் நுண்கருவிகள். ‘ஐஸ்டென்ட்’ ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள டைட்டானியம் குழாய். ‘ஹைட்ரஸ்’ எட்டு மில்லிமீட்டர் நீளமுள்ள வளைந்த சட்டம். காதுத் துளைக்கு ஈர்க்குச்சி போல இவை சல்லடையின் அடைப்பைத் தாண்டி வழியைத் திறந்து வைக்கின்றன. புரைக்காகப் போட்ட அதே வெட்டின் வழியாக, சில நிமிடங்களில் வைத்துவிடலாம். மேற்சவ்வைத் தொடுவதில்லை, கொப்புளமும் இல்லை. கருவி வாங்க வசதியில்லாத இடங்களில் ஊசி நுனியை வளைத்துச் சல்லடையைக் கீறுவதும், நைலானைப் போன்ற ஓர் இழையைக் கால்வாய் முழுக்கச் சுற்றவிட்டு இழுத்து அதன் உட்சுவரைக் கிழிப்பதும் உண்டு. ஹைட்ரஸ் ஆய்வில் 556 கண்கள் இருந்தன. இரண்டாண்டு முடிவில், கருவி வைத்தவர்களில் 78 விழுக்காட்டினரும், புரை அறுவை மட்டும் செய்தவர்களில் 48 விழுக்காட்டினரும் சொட்டு மருந்தில்லாமல் இருந்தார்கள். அந்த 48ஐக் கவனிக்க வேண்டும். கருவி தந்த ஆதாயம் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே.

இந்தக் கருவிகளுக்கு உடலமைப்பே ஒரு எல்லை வகுத்திருக்கிறது. ஆற்றில் கலக்கும் வாய்க்காலின் நீர்மட்டம் ஆற்றின் மட்டத்துக்குக் கீழே இறங்காது. ஷ்லெம் கால்வாய் கலப்பது சிரைகளில். அந்தச் சிரைகளின் அழுத்தமே 8 முதல் 10 மில்லிமீட்டர் இருக்கிறது. வழியில் இருக்கும் தடைகளையும் சேர்த்தால், கால்வாயை எவ்வளவு திறந்தாலும் அழுத்தம் பெரும்பாலும் 15ஐ ஒட்டியே நிற்கும். வடிதுளை ஆற்றுக்கே போகாமல் புதிதாக ஒரு குட்டையை வெட்டிக்கொள்கிறது. 10க்கோ அதற்கும் கீழோ அது இறக்குவது இதனால்தான். நோய் முற்றிய கண்களை நெடுநாள் கவனித்ததில், சராசரியாக 12ஐ ஒட்டி அழுத்தம் நின்ற கண்களில்தான் பார்வைப்புலம் சராசரியாக மேற்கொண்டு சுருங்கவில்லை என்று தெரிய வந்தது. அந்த அளவு தேவைப்படுபவருக்கு நுண்கருவி போதாது.

ஒப்பிடும் வேலையிலும் வழுக்கும் இடங்கள் பல. கண்ணின் அழுத்தம் நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறும். உச்சத்தில் இருந்த நாளில் பிடித்து ஆய்வில் சேர்த்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை குறைவாகத்தான் காட்டும். அறுவைக்கு முன் மூன்று மருந்து, பின் ஒரு மருந்து என்றால் இரு அளவுகளையும் நேரடியாக ஒப்பிட முடியாது. அதற்காகவே நல்ல ஆய்வுகளில் சில வாரங்களுக்கு எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு அளக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலில் போட்டாலும் சிக்கல்தான். 2015இல் வந்த காக்ரேன் தொகுப்பு ஒன்பது ஆய்வுகளையும் 655 நோயாளிகளையும் திரட்டியது. ஓராண்டு முடிவில், புரை அறுவை மட்டும் செய்ததை விடக் கூட்டு அறுவை 1.62 மில்லிமீட்டர்தான் கூடுதலாக இறக்கியிருந்தது. படிப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்தத் தொகுப்பில் வடிதுளை போட்ட ஆய்வுகள் நான்கு, ஐஸ்டென்ட் வைத்தவை மூன்று. மதகையும் ஈர்க்குச்சியையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டையும் பற்றி உருப்படியாக ஒன்றும் தெரியாது.

காலமும் ஏமாற்றும். ‘சைபாஸ்’ என்ற நுண்குழாய், புரை அறுவையோடு சேர்த்து வைத்த இரண்டாண்டு ஆய்வின் பலத்தில் 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே நோயாளிகளை ஐந்தாண்டு வரை தொடர்ந்து பார்த்தபோது, கருவிழியின் உள்ளுறை உயிரணுக்களில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தது. புரை அறுவை மட்டும் செய்தவர்களுக்கு ஏற்பட்ட இழப்பு அதில் பாதி. இந்த உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. 2018 ஆகஸ்டில் தயாரிப்பாளரே கருவியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார். அழுத்தத்தை அது நன்றாகவே இறக்கியது. கேடு வந்தது வேறு இடத்தில், மூன்றாண்டு தள்ளி.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், நோய் லேசாக இருந்து ஓரிரு சொட்டு மருந்தில் அடங்கினால் புரை அறுவை மட்டுமோ, அதோடு நுண்கருவியோ போதும். மூடிய கோணமாக இருந்தால் வில்லையை எடுப்பதே பாதி சிகிச்சை. நரம்பு வெகுவாகக் கெட்டு, மருந்துக்கும் அழுத்தம் அடங்காதபோது மைட்டோமைசினோடு கூடிய வடிதுளைக் கூட்டு அறுவைக்கு ஈடாக வேறொன்று இன்னும் வரவில்லை. அதற்கான விலையும் உண்டு: பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும், முதல் மாதங்களில் அடிக்கடி மருத்துவமனைக்குப் போக வேண்டும், கொப்புளத்தின் மெல்லிய சுவர் வழியாகக் கிருமி நுழையும் அபாயம் ஆண்டுகள் கழிந்தும் நீங்காது. அந்தக் கண் எப்போதாவது சிவந்து, வலித்து, பீளை தள்ளினால் வீட்டிலிருக்கும் பழைய சொட்டு மருந்தை ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்க் காட்டிவிட வேண்டும்.